சத்தமாக வாசிக்க வைத்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பெர்த் நகரில் நான் நலம்.

நம் ஆதிக்குடியின் குகையை வெடிவைத்துத் தகர்த்த சுரங்கக் கம்பெனியின் மேலாளர் நேற்று அரசு விசாரணைக்கு வந்தார். நம் மக்கள் சார்பில் கேள்வி கேட்க என்னை அனுமதித்தார்கள். "அது உங்க முன்னோர் இடம்னு யாருமே எங்ககிட்ட சொல்லல," என்றார். நீ சொல்லச் சொல்ல நான் எழுதி, வெடிவைக்கும் முன்பே அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதத்தின் நகலை நீட்டினேன்.

"சத்தமா வாசிங்க சார்."

'என் அக்காவின் எலும்புகள் உள்ளே இருக்கின்றன' என்ற வரியில் அவர் தாளைக் கீழே வைத்தார்.

"நிறுத்தாதீங்க, இன்னும் ஒரு பக்கம் இருக்கு," என்றேன். கவலைப்படாதே, நான் கத்தவில்லை.

இன்று அவர் வேலை போய்விட்டதாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் பழைய கம்பளியை அனுப்பு. இங்கே தூக்கம் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது. நாளை அவருக்கு உத்தரவு போட்ட முதலாளி வருகிறார். அவரையும் முதல் வரியிலிருந்தே வாசிக்க வைப்பேன்.

உன் மகள்,
டோரீன்