மூன்று, சைபர், சைபர்

நெய்வேலி,
ஞாயிறு காலை.

அன்பு மகன் ரைஹானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அந்த 'எல்லோரும்' என்பதில் உன் அத்தாவையும் சேர்த்தே எழுதுகிறேன், நீயும் அங்கே உடம்பும் மனமும் குறையில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். மற்றதையெல்லாம் நிதானமாகப் படி, இதை மட்டும் முதலில் படித்துக்கொள். அத்தாவுக்கு மூன்றாவது ஸ்டேஜ் இல்லை, இரண்டாவது. ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். இதை நான் எழுதும்போது அவர் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பே இல்லை, இதைக் குடிப்பதற்கு ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் நீ போனில் அழுதுகொண்டே "மூணாவது ஸ்டேஜை எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றாய், வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கி "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டி" என்று வைத்துவிட்டார். அவர் பக்கத்தில் இருக்கும்வரை போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடியாது, அதனால்தான் லீவு முடிந்து வியாழக்கிழமை தம்மாம் திரும்பும் உன் சிநேகிதன் சுதாகர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேள். ஏழு மாதமாக அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்திருக்கிறது. நிலக்கரி கன்வேயர் கேபினில் எட்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று அவரே தீர்மானித்து, எனக்குத் தெரியாமல் ஒரு லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்பதையும், பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதையும் பார்த்துத்தான் நான் பிடித்துக்கொண்டேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், பெருங்குடலில் கட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிய அன்று டாக்டரம்மா, இதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. ஆனால் வாசலில் அடுத்தவர் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றிருந்தார், நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் கடலூர் தாண்டியதும் அவர் கவரைப் பிரித்தார். அதில் T3 N0 M0 என்று இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, ஷிஃப்ட் முடிந்து ரிலீவரிடம் ஒப்படைக்கும் புத்தகத்தை முப்பது வருஷமாக எழுதுகிறவர் அவர். அதில் முதல் கட்டத்தில் இருக்கும் எண்தான் நிலவரம், அடுத்த கட்டங்களில் சைபர் போட்டிருந்தால் அதற்குமேல் செய்வதற்கு வேலை எதுவும் பாக்கியில்லை என்று அர்த்தம். அதே கண்ணால் இதையும் வாசித்தார். "மூணு, சைபர், சைபர்" என்றார், "மூணாவது ஸ்டேஜ், ஃபௌசியா, செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு போட்டுக் குடுத்துட்டாங்க" என்று கவரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டேஜ் என்ற வார்த்தையே அந்தத் தாளில் எங்கும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், ஆனால் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அன்று ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லத் தோன்றவில்லை. வடலூர் வருவதற்குள் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். "எப்படியும் போறதுன்னு ஆயிடிச்சு, எதுக்கு வவுத்தக் கிழிச்சுகினு போவணும்" என்றார்.

மறுநாள் முதல் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், நான் ஏதும் தப்பு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள் இல்லையா, அதைப்போல ஒரு பட்டியலே போட்டுக்கொண்டார். ஷிஃப்ட் பஸ்ஸில் இருபது பேரிடம் கேட்டு முடித்தார், மூன்றாவது ஸ்டேஜ் என்ற செய்தி டவுன்ஷிப் முழுக்கப் பரவி சவுதி வரை வந்தது அப்படித்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சடையப்பன் அண்ணனிடமும் போனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பின்பக்கம் போட்டிருந்த தகரக் கொட்டகையைப் பற்றி டவுன்ஷிப் ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய், கொட்டகையைப் பிரிக்க வேண்டி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதை எழுதியது உன் அத்தாதான். எனக்கே அன்றுதான் தெரியும். சடையப்பன் அண்ணன் அதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவரோ "விடு பாய், தகரம்தான, போவட்டும்" என்று இவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

பட்டியலில் கடைசிப் பெயர் மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அவருடைய அக்கா, உன் தாஜ் பீவி மாமி. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, பொறுத்துக்கக்கா" என்று தொடங்கியதும் மாமி அழவில்லை, அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். "எவன்டா உனக்கு மூணுன்னு சொன்னது? டாக்டரு அவங்க வாயால சொன்னாங்களா?" இல்லை, தாளில் போட்டிருக்கிறது என்றார் இவர். "அப்ப நீயே படிச்சி, நீயே பொணமாயி, நீயே மன்னிப்புக் கேட்டுகினு திரியற" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ காலேஜு படிச்சவதான ஃபௌசியா, அங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிகினு ஒக்காந்திருந்த?" எனக்கு முகம் எரிந்தது, ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு. அன்று இரவே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஏழு கேள்விகள் எழுதினேன். இரண்டு நாள் கழித்து மூன்று பேருமாகப் புதுச்சேரி போனோம். அடுத்த ஆள் அன்றும் வாசலில் வந்து நின்றார், மாமி அவரிடம் "கொஞ்சம் ஒக்காருங்க, இவ ஏழு கேக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை, ஒரு தாளில் குடலை வரைந்தே சொன்னார். முதல் எண், கட்டி குடல் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது, அது நான்கு வரை போகும். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது. மூன்றாவது, ஈரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்பது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஸ்டேஜ் சொல்வார்களாம், அத்தாவுக்கு அது இரண்டு. அவர் பயந்த அந்த இரண்டு சைபரும்தான் அந்தத் தாளிலேயே நல்ல செய்தி. உன் அத்தா படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு "நம்ம யார்டுல கரி தானா தீப்புடிச்சிக்கற மாதிரிதாங்க" என்றார். "குவியல்ல நெருப்பு எவ்ளோ ஆழமா கனலுது, அது மொதல் நம்பரு. பக்கத்துக் குவியலுக்குத் தாவிச்சா, அது ரெண்டு. பெல்ட்ல ஏறி பாய்லர் பக்கம் போயிடிச்சா, அது மூணு. எனக்கு ஆழந்தான் இருக்குது, தாவல, ஏறல. சரிங்களா?" டாக்டரம்மா சிரித்து, சரிதான், ஆனால் ஸ்கேன் என்பது குவியலை வெளியிலிருந்து பார்ப்பது, கிளறி எடுத்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். என் தாளில் கடைசிக் கேள்வி எத்தனை வருஷம் என்பது, அதையும் கேட்டேன். ஸ்டேஜ் என்பது எந்த வழியில் வைத்தியம் பார்ப்பது என்று காட்டத்தான், இரண்டாவது ஸ்டேஜில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் இவர் ஒருவருக்கு என்ன ஆகும் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே வந்ததும் அத்தா தேதி எழுதும் கவுன்டரில் தானே போய் நின்றார்.

வார்டில் எதிர்க் கட்டிலில் கம்மாபுரத்து மலர்கொடி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அவருக்கும் குடலில்தான், ஆனால் ஈரலுக்குப் போய்விட்டது, நான்காவது ஸ்டேஜ். இரண்டு வருஷமாக மருந்து ஏற்றிக்கொண்டு, நடுவில் பஸ் ஏறிப்போய் நாற்று நடவும் பார்த்துக்கொள்கிறார். முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அடக்கி வைத்திருக்கிறோம் என்று அவரே எனக்கு விளக்கிச் சொன்னார். நம் கதையைக் கேட்டுவிட்டு அவர் "ரெண்டுக்கே ஊரெல்லாம் மன்னிப்பா பாய், நான் நாலு, இன்னும் என் நாத்தனாகிட்ட சண்டைதான் போட்டுகினு இருக்கேன்" என்றதில் நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்காகவும் துஆ செய். போன செவ்வாய்க்கிழமை அத்தாவின் கடைசி ரிப்போர்ட் வந்தது, வெட்டியெடுத்ததில் பதினாறு நெறிக்கட்டிகளைப் பரிசோதித்திருக்கிறார்கள், பதினாறிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது ஸ்டேஜிலும் சிலருக்கு மருந்து ஏற்ற வேண்டி வருமாம், இவருக்குத் தேவைப்படாது என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அவ்வப்போது ஸ்கேன், ஒரு வருஷத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பது. திரும்பி வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, வந்தால் சீக்கிரம் பிடிக்கத்தான் இந்தத் தேதிகள்.

இப்போது வீட்டில் இருக்கும் ஒரே தகராறு சடையப்பன் அண்ணன்தான். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து "மூணாவது ஸ்டேஜுக்குக் குடுத்த மன்னிப்பு பாய் அது, ரெண்டாவதுக்குச் செல்லாது" என்கிறார். இவர் "சாவப் போறேன்னு நெனச்சி சொன்னதெல்லாம் கணக்குல வராது" என்கிறார். ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுக்க ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர் இதே சடையப்பன் அண்ணன். தாஜ் பீவி மாமியும் கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுப் போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டார், ஒன்றுமில்லை, ஆனால் அதற்குக் குடிக்கக் கொடுத்த பேதி மருந்தைப் பற்றி மேல்பட்டாம்பாக்கம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

ஆகவே வேலையை எழுதிக்கொடுக்க வேண்டாம். எப்போதும் போல டிசம்பர் லீவுக்கு வா, அதற்குள் அவர் லைட் டியூட்டியில் சேர்ந்திருப்பார். யாராவது அங்கே கேட்டால் இரண்டு என்று சொல், அப்படியென்றால் என்ன என்று கேட்டால் இந்தக் கடிதத்தில் இருப்பதைச் சொல். நீயும் நாற்பது வயதில் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்பே ரத்தம், வயிற்று வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்று எது வந்தாலும் மூலம் என்று நீயே பெயர் வைக்காதே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உடம்பு எப்படி என்று கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்கிறாய். உன் அத்தாவும் ஏழு மாதம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். இனிமேல் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டது, தூங்கியது, வயிறு போனது எல்லாம் விவரமாகச் சொல், நானும் வெட்கப்படாமல் கேட்பேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும், உண்மையைச் சொல்லும் வாயையும் தரட்டும். சுதாகரிடம் முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்திருக்கிறேன், இரண்டும் தனித்தனிப் பை, அறையில் இருப்பவர்களுக்கும் கொடு.

என்றும் துஆவுடன்,
உன் அம்மா
ஃபௌசியா நஜிமுதீன்