எங்க முதலாளி

ஜூலை 14, திங்கள்
சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. தென்காசிக் கடையில் மொழிபெயர்க்க மூன்று பிறப்புச் சான்றிதழ், ஒரு நிக்காஹ் சான்று. எல்லாம் வளைகுடாவுக்கு, எல்லாம் இங்கிலீஷில் வேண்டும். முதுகுவலி.

இங்கிலாந்து வக்கீலம்மாவின் மெயில். நான் இங்கிலீஷில் மாற்றி அனுப்பிய என் வீட்டுக்காரரின் வாக்குமூலம் கிடைத்ததாம். அங்குள்ள கால்பந்து லீக்கில் புது விதி: மனித உரிமையை மீறியவர் எந்த அணிக்கும் ஓனராக இருக்கக் கூடாது. இவர் கட்டட வேலை பார்த்த வளைகுடா நாட்டு அரசாங்கத்துக்கு அங்கே ஓர் அணி சொந்தம். லீக்கோ, வாங்கியது அரசாங்கம் இல்லை, ஏதோ முதலீட்டு நிறுவனம் என்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று விசாரணையில் காட்டத்தான் வக்கீலம்மாவுக்கு இவர் வாக்குமூலம்.

வாசித்துக் காட்டினேன். சிரித்தார். “கேம்ப் கேட்ல ராஜா படம். எங்கள ஜெயிலுக்கு ஏத்திட்டுப் போன வண்டியிலயும் அதே படம். டீமுக்கு மட்டும் வேற ஆளாமா?”

ஜூலை 15, செவ்வாய்
சிவகிரியிலிருந்து முருகன் மனைவி போன். “அக்கா, அந்த ஃபுட்பால்காரவுக ஏதும் சொன்னாவளா? அப்பா எப்போ வருதாவன்னு புள்ள கேக்கான்.”

இவரும் முருகனும் அங்கே ஒரே ரூம். உச்சி வெயிலில் வேலை முடியாது என்று உட்கார்ந்ததற்கு இருவரையும் பிடித்தார்கள். இவரை விட்டார்கள். முருகனை விடவில்லை. விசாரணையில் பெயர் அடிபட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறாள். நான் நம்புகிறேனா? சலிப்பாக இருக்கிறது.

வாங்க: சீயக்காய், கேஸ் லைட்டர், இவருக்குக் குடை.

ஜூலை 17, வியாழன்
மறுபடி மெயில். அணியின் வக்கீல்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்க முதலாளியும் டீம் முதலாளியும் ஒரே ஆளுதான்” என்று இவர் சொன்னது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘ஓனர்’ என்று போட்டுத் தொலைத்தேன். நம்மூரில் கடைக்கும் முதலாளி, கடையில் வேலை பார்ப்பவனுக்கும் முதலாளி. அங்கே அப்படி இல்லை. வேலை பார்க்கும் ஆளுக்கு இருப்பது எம்ப்ளாயர். ஓனர் என்றால் பொருளுக்கு. அவர்கள் கேள்வி: ‘சாட்சி தனக்கு ஓர் ஓனர் இருந்ததாகச் சொல்கிறாரா, மொழிபெயர்ப்புப் பிழையா?’

பிழை என்றால் மொத்த வாக்குமூலத்தையும் தள்ளிவிடுவார்கள். முருகன் பெயரும் அதோடு போகும். பிழை இல்லை என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி
குற்றாலத்தில் கூட்டம். லாட்ஜ் வேலை முடிந்து நனைந்து வந்தார். குடை வாங்க மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது, திருத்தி அனுப்பட்டுமா என்று கேட்டேன். தலை துவட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி, என் பாஸ்போர்ட் யாருகிட்ட இருந்துச்சு?”

“அவுககிட்ட.”

“வாப்பா மவுத்தானப்போ அடக்கத்துக்கு என்னைய ஊருக்கு விட்டாவளா?”

“இல்லங்க.”

“பின்ன என்னத்தத் திருத்தப் போற?”

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் இன்னும் சோறு எடுத்து வைக்கவில்லை. வக்கீலம்மாவுக்குப் பதில் அடித்தேன்: மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.