சர்க்கரை டப்பாவில் இருந்த மாத்திரை

அத்தை,

டீ போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். உள்ளே என் எச்.ஐ.வி. மாத்திரைப் பாட்டில். ஒளித்தது நீங்கள்தான். கோபமில்லை. ஆனால் தினம் இரண்டு தடவை நான் திறக்கிற டப்பாவிலா ஒளிப்பீர்கள்?

"எம் பொண்ணு மாத்திரை போடாம போய்ச் சேர்ந்தா. நீங்க போட்டுட்டுப் போகப் போறீங்களா மாப்பிள்ளை?" என்று நேற்று கேட்டீர்கள். மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரமே கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தால் யாருக்கும் பயம்தான்.

காலையில் டாக்டரிடம் போனில் கேட்டேன். மாத்திரையின் கெடுதலாக இருக்காது என்றார். இத்தனை நாள் படுத்துக் கிடந்த எதிர்ப்புச் சக்தி இப்போதுதான் எழுந்து, உள்ளே இருக்கும் காசநோய்க் கிருமியோடு மல்லுக்கு நிற்கிறதாம். அந்தச் சண்டையில் வருவதுதான் வீக்கமும் காய்ச்சலும். "எச்.ஐ.வி. மாத்திரை, காசநோய் மாத்திரை ரெண்டையும் நிறுத்திடாதீங்க. நேர்ல வந்து காட்டுங்க" என்றார். அங்கேதான் போகிறேன்.

சாவி ஜன்னலோரம். பால் காய்ச்சியாகிவிட்டது.

பாட்டிலை உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனி அது உங்களிடமே இருக்கட்டும். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். நீங்கள் கொடுத்தால்தான் போடுவேன்.

பி.கு.: காலையில் எனக்குப் பசித்தது. அவள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மத்தியானம் எனக்கும் சேர்த்து உலை வையுங்கள்.