மச்சம் எந்தப் பக்கம்

என் அன்புக்குரியவளுக்கு,

நான் ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. நீ உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, லிஃப்ட் ரிப்பேர் முடித்து வீடு திரும்பினால் மாலைப்பொழுது நகரவே மாட்டேன் என்கிறது.

முதல் வாரம், நாற்காலியை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை மட்டும் வரையச் சொன்னார் ஆசிரியை. அதில் எப்படியோ தப்பித்தேன். இரண்டாவது வாரம், "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு முகத்தை, பாக்காம வரைஞ்சுட்டு வாங்க" என்றார்.

இதென்ன பெரிய வேலை என்று சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். உன் தலைமுடி வந்தது, மூக்கு வந்தது. கன்னத்து மச்சத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. இடமா, வலமா? இந்த ஊரில் எந்த லிஃப்டில் எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவன் நான்.

வெட்கத்தை விட்டு உன் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு இதை என்கிட்ட கேக்குறீங்களா? அவளையே கேளுங்க!" என்று வைத்துவிட்டார்.

ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். மனசு வரவில்லை. கன்னத்தை வெறுமையாக விட்டே கொடுத்தேன். ஆசிரியை மதிப்பெண் போடவில்லை. "ஒரு வாரம் தர்றேன். நேர்ல பாத்துட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வரட்டுமா? வீட்டுக்கு வா என்று கூப்பிட மாட்டேன். ஒரு மணி நேரம் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். நீ பேசக்கூட வேண்டாம். பார்க்கிற வேலை இந்தத் தடவை என்னுடையது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்