ஒன்பதாவது பலகை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? ஃபோனில் எதைக் கேட்டாலும் "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் அருங்காட்சியகத்தில் பீரங்கிகளுக்கென்று தனிக்கூடம் திறக்கிறார்கள். கல்லெறியும் பொறியில் தொடங்கி இன்றுவரை ஒன்பது விளக்கப் பலகைகள். எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பழைய துணிகளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். பீரங்கியில் எது வாய், எது வால் என்றே எனக்குத் தெரியாது. வீட்டிலேயே ஒரு பீரங்கிக்காரனை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஏன் அலைய வேண்டும்? படித்துத் திருத்தி அனுப்பு.

ஒன்பதாவது பலகை உன் மாப்பிள்ளைக்கு. அவருடைய பைனாகுலரை வைக்க இயக்குநர் ஒத்துக்கொண்டார். ‘முன்னால் நின்று இலக்கைப் பார்த்துச் சொன்னவர். எதிரியின் குண்டில் உயிரிழந்தார்’ என்று எழுதியிருக்கிறேன். பதினோரு வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கென்று ஒரு சுவர் கிடைத்திருக்கிறது, அண்ணா. எழுதி முடித்துவிட்டு நன்றாக அழுதேன்.

அன்புத் தங்கை

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

மாத்திரை போடுகிறேன், மிரட்டாதே.

‘பீரங்கிகள் வெடித்தன’ என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். பீரங்கி வெடித்தால் சாகிறவன் சுட்டவன்தான். ‘முழங்கின’ என்று மாற்று. பழைய காலத்தில் நிஜமாகவே வெடித்ததும் உண்டு, அதைத் தனியாக எழுது. மூன்றாவது பலகையில், கோபுர மணி வார்த்தவர்களே பீரங்கியும் வார்த்தார்கள் என்று சேர். அதே வெண்கலம்தான். சண்டை வந்தால் மணியை உருக்கிப் பீரங்கியாக்குவார்கள்.

ஏழாவதில் முக்கியமானதையே விட்டுவிட்டாய். பல நூறு வருஷம் பீரங்கிக்காரன் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சுட்டான். குண்டு போகும் தூரம் கூடக் கூட, பீரங்கி மலைக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் ஒருவன் நின்று பார்த்துச் சொல்வான், பின்னால் இருப்பவன் கேட்டுச் சுடுவான். கண் ஒருவனுடையது, காது இன்னொருவனுடையது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் சுட வேண்டும் என்பது எங்கள் விதி. இதைக் கட்டாயம் எழுது.

எட்டுப் பலகைகளையும் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன்.

உன் செவிட்டு அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டும் அச்சுக்குப் போய்விட்டன. மணி சமாசாரத்தைப் படித்த இயக்குநர், "யாரும்மா இவரு? திறப்பு விழாவுல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்கிறார். மே மாதம் பத்தாம் தேதி. சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வை.

ஒரு குறை. ஒன்பதாவதைப் பற்றி நீ மூச்சே விடவில்லை. மற்றதில் கால்புள்ளியைக்கூட விட்டு வைக்காதவன், உன் மாப்பிள்ளைக்கு நான் எழுதியதை நன்றாக இருக்கிறது என்றாவது சொல்லக் கூடாதா? உன் பதில் வந்த பிறகுதான் அதை அச்சுக்குக் கொடுப்பேன்.

அன்புத் தங்கை

ஏப்ரல் 8

அன்புள்ள குட்டிக்கு,

ஒன்பதாவது பலகையில் ஒரு சொல் தவறு. ‘எதிரியின்’.

அன்று மாப்பிள்ளை மலை உச்சியில் நின்றார். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். தூரம் கூட வேண்டும் என்றால் ‘கூட்டு’, குறைய வேண்டும் என்றால் ‘குறை’. அவர் "கூட்டு இருநூறு" என்றார். என் காதில் "குறை இருநூறு" என்று விழுந்தது. விதிப்படி திருப்பிச் சொன்னேன். அவர் "தப்பு, தப்பு" என்று கத்தினார். அது எனக்கு "சுடு, சுடு" என்று கேட்டது. குண்டு உச்சியிலேயே விழுந்தது.

பக்கத்துப் பீரங்கியின் ரேடியோக்காரன் இரண்டையும் சரியாகக் கேட்டிருக்கிறான். என்னிடம் மட்டும் சொன்னான். எதிரியும் அப்போது சுட்டுக்கொண்டிருந்ததால் கோப்பில் பழியை எதிரியின் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

என் காது அதற்கு ஆறு மாதம் முன்பே போய்விட்டது. காதுச் சோதனையில், சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பார் டாக்டர். அவர் விரல் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன். பீரங்கியை விட்டு என்னை அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அவ்வளவுதான் காரணம். அதற்கு உன் வாழ்க்கையை விலையாக்கிவிட்டேன்.

பொய்யை நீ உன் கையாலேயே எழுதிச் சுவரில் மாட்டப் போகிறாய் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன்

மே 2

அண்ணாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

முகம் தெரியாத எவனையோ பதினோரு வருஷம் சபித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணைத் துடைத்துவிட்டாய். காது போனதற்காக உன்மேல் கோபம் இல்லை. வாய் இருந்ததே, அதுதான் மனசு ஆறவில்லை.

‘எதிரியின்’ என்பதை எடுத்துவிட்டேன். இயக்குநர் ஏன் என்று கேட்டார். "தப்பா இருந்துச்சு சார், திருத்துனவரு சொன்னாரு" என்றேன். பலகை அச்சாகி வந்துவிட்டது.

விழாவில் நான் தனியாக நின்றுகொள்கிறேன். உன் முகத்தைப் பார்க்கும் தெம்பு இன்னும் வரவில்லை. கீழே ஒரு வரி எழுதுகிறேன். உங்கள் விதிப்படி அப்படியே திருப்பி எழுது. இந்தத் தடவை ஒரு சொல்லும் மாறக் கூடாது.

இப்போது வராதே. நான் கூப்பிடும்போது வா.

தங்கை

மே 6

தங்கைக்கு,

இப்போது வராதே. நான் கூப்பிடும்போது வா.

அண்ணன்