ஒரே நாளில் இரண்டு முறை வந்தவள்

நடனப் பள்ளி அலுவலகம்
மார்ச் 3

மூத்த வகுப்புத் தலைவிக்கு,

பொருள்: வருகைப் பதிவேட்டில் கண்ட அதிசயம்.

இந்த வருஷம் படிப்பு முடிக்கிறவர்களின் பிரிவு விழாவுக்குப் பட்டியல் எடுப்பதற்காக நேற்று பதிவேட்டைப் புரட்டினேன். பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை வகுப்புக்கு உன் தோழி சுருட்டை இரண்டு முறை வந்திருக்கிறாள். ஒரு முறை நீல மையில், இன்னொரு முறை பச்சை மையில். உங்கள் வகுப்பில் இருப்பது ஆறு பேர், கையெழுத்து ஏழு. இருபத்திரண்டு வருஷமாக இங்கே செயலாளராக இருக்கிறேன். வராதவர்களைப் பார்த்திருக்கிறேன், நேரங்கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டு முறை வந்தவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பச்சை மையில் எழுதுகிறவள் இந்தப் பள்ளியில் ஒருத்திதான். அந்தப் பேனாவைக் கடையில் நின்று வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்பதற்காகச் சாப்பாட்டு மேஜையில் இதைப் பேசக் கூடாது. பள்ளி விஷயம் பள்ளித் தபால் பெட்டியில்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: இரண்டு நாளாகக் குடையை மறந்துவிட்டுப் போகிறாய் என்று பெரியம்மா சொன்னாள். இது பள்ளி விஷயம் அல்ல.


மார்ச் 4

மதிப்பிற்குரிய செயலாளர் பெரியப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று காலையில் இரண்டாம் முறை சட்னி கேட்டபோதே தெரிந்துகொண்டேன்.

பச்சைக் கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கப் போவதில்லை. நீலம் எங்கள் வகுப்பு நெட்டையுடையது. அன்று சுருட்டைக்காகக் கையெழுத்துப் போடும் முறை நெட்டைக்கு. அவளுக்குக் காய்ச்சல், வர மாட்டாள் என்று நினைத்து நான் போட்டேன். அவள் காய்ச்சலோடு தாமதமாக ஓடி வந்து, மேலே யார் எழுதியிருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் தன் பெயரையும் சுருட்டை பெயரையும் எழுதிவிட்டுப் போய் நின்றுகொண்டாள். முறை என்றால் என்ன முறை என்று கேட்பீர்கள். ஆமாம், ஐந்து பேரும் முறை வைத்துத்தான் போட்டோம். ஜூலையிலிருந்து.

ஜூனில் சுருட்டையின் அம்மா கடைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவர்களுடையது சலவைக் கடை. சனி ஞாயிறில்தான் ஊர்த்துணியெல்லாம் அங்கே வந்து குவியும், நம் வகுப்பும் சனி ஞாயிறில்தான். பாதி நாளுக்கு மேல் அவள் கடையில்தான் நின்றாள். அதனால் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் கடையின் பின்னறைக்குப் போனோம். இஸ்திரி மேஜையை ஓரமாகத் தள்ளி, கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த வாரம் கற்றதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அந்த அறையில் ஆவி அடித்து முகமெல்லாம் வெந்துபோகும். கட்டிலில் படுத்தபடியே அவள் அம்மா தொடையில் தாளம் தட்டுவார், எப்போதும் ஒரு தட்டு முந்திவிடும்.

விழாவுக்கான ஆட்டம் அவளுக்கு முழுக்கத் தெரியும். சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். விழாவில் மட்டும் ஆறு பேரும் ஆடுவோம்.

அன்புடன்,
பச்சை மைக்காரி


நடனப் பள்ளி அலுவலகம்
மார்ச் 7

மூத்த வகுப்புத் தலைவிக்கு,

பொருள்: விதி 11.

விளக்கம் கிடைத்தது. பொய்க் கையெழுத்து குற்றம். ஐந்து பேரும் இரண்டு வாரம் வகுப்பு முடிந்ததும் தரையைத் துடைக்க வேண்டும். முழுத் தரையும், கண்ணாடிக்குக் கீழே உள்ள இடம் உட்பட.

மற்ற கோரிக்கையை ஏற்க முடியாது. இந்த வருஷம் நடந்தது எண்பத்தெட்டு வகுப்பு. விழாவில் ஆட எழுபத்தொன்றுக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் போட்டுக்கொடுத்ததை நீக்கினால் சுருட்டை வந்தது நாற்பத்தொன்பது. அவள் வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நேற்று அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தும் வந்தேன். ஆனால் சலவைக் கடையின் பின்னறை இந்தப் பள்ளியின் வகுப்பறை ஆகாது.

ஆட்டத்தை ஐந்து பேருக்கு ஏற்றபடி மாற்றித் தர டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். விதி 11ஐ இதுவரை யாருக்காகவும் தளர்த்தியதில்லை. யாருக்காகவும் என்றால் யாருக்காகவும்.

இப்படிக்கு,
செயலாளர்


மார்ச் 9

பெரியப்பா,

தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணாடிக்குக் கீழே யாரோ ஒட்டிய பபிள்கம் எங்களைவிட மூத்தது, நாங்கள் போன பிறகும் இருக்கும்.

ஆட்டத்தை ஐந்து பேருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசிப் பகுதியில் ஆறு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து சுற்ற வேண்டும். ஒருத்தியின் எடையை இன்னொருத்தி பிடித்திருக்கிறாள். டீச்சர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, "அஞ்சு பேருக்கு வராதும்மா, விட்டுடுங்க. நடந்து வந்து கும்பிட்டு முடிச்சுக்கலாம்" என்றார். பன்னிரண்டு வருஷம் ஆடிவிட்டு, நடந்து வந்து கும்பிடுவதற்கா?

'யாருக்காகவும்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை எழுதும்போது யாரை நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பேசக் கூடாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஆட வேண்டிய விழா நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. பின்கொசுவத்தைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா முழு அலங்காரத்தில் நின்றாள், நெற்றியில் வேர்வையை ஒற்றி எடுத்துக்கொண்டு. நீங்கள் ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தீர்கள். அவள் பெயர் வரவில்லை. ஒரே ஒரு வகுப்பு குறைவு, அதுவும் காய்ச்சலில் படுத்த நாள். விட்டுப் போயிருக்கும் என்று நினைத்து அவள் இன்னும் இரண்டு அடி முன்னால் போய் நின்றாள். டீச்சர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பெற்ற மகளிடம் முந்தின நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'பாரபட்சம் இல்லாத மனுஷர்' என்று ஊரே உங்களைப் பாராட்டியது. அக்கா அடுத்த மாதமே வேலை தேடிக்கொண்டு போனாள். ஒன்பது வருஷம் ஆயிற்று.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் கூட்டாளிகள் ஆடியிருக்கக் கூடாது என்றுதான் நினைத்திருப்பேன். அன்று மற்றவர்கள் எல்லாரும் ஆடினார்கள். நாங்கள் ஆட மாட்டோம். ஆறு பேர், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

உங்கள் தம்பி மகள்


நடனப் பள்ளி அலுவலகம்
மார்ச் 12

மூத்த வகுப்புத் தலைவிக்கு,

பொருள்: 9ஆம் தேதிக் கடிதம்.

அதில் குறிப்பிட்ட குடும்ப விஷயம் இந்தக் கோப்பில் சேராது.

விழாவில் ஆட மறுப்பவர்களுக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்க இயலாது என்பது விதி 14. உன் அப்பன், அதாவது என் தம்பி, நேற்று சாப்பிடும்போது "என்ன ரெண்டு பேரும் உப்பைக்கூட என்கிட்ட கேட்டு வாங்குறீங்க?" என்றான். அவனிடம் நீயே விளக்கிக்கொள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று அவளை ஆட விட்டிருந்தால் செயலாளர் மகள் என்பதால் விட்டார்கள் என்று அவளைத்தான் பேசியிருப்பார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். இன்று வேறொருத்திக்காக விதியைத் தளர்த்தினால், அன்று என் மகளை நிறுத்தியது எதற்காக? அவளைப் பறிகொடுத்தது எதற்காக? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

செயலாளர்


மார்ச் 14

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

எதற்காக என்று கேட்டிருந்தீர்கள். அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

இத்துடன் ஆறு விலகல் கடிதங்களை இணைத்திருக்கிறேன். நாங்கள் ஆறு பேரும் இன்றிலிருந்து பள்ளியின் மாணவிகள் அல்ல. சுருட்டையின் கடிதத்தில் இருக்கும் கறை சலவைத் திரவம், அவமரியாதை அல்ல.

விதி 17ஐப் பாருங்கள். 'பிரிவு விழாவின் இறுதியில் முன்னாள் மாணவர்கள் ஓர் ஆட்டம் வழங்கலாம்.' வருகைப் பதிவு பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எத்தனை நாளைக்கு முன் முன்னாள் ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. இன்று விலகினால் விழா நாளில் எங்களுக்கு ஒன்பது நாள் அனுபவம் உள்ள முன்னாள் மாணவிகள் என்று பெயர். அந்த ஆட்டத்துக்கு முறைப்படி விண்ணப்பிக்கிறோம். மறுக்க வேண்டுமானால் இன்னொரு விதி எழுத வேண்டும், அதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் அறிவிப்பு வேண்டும். எல்லாம் நீங்கள் எழுதியதுதான்.

சான்றிதழ் கிடைக்காது என்பது தெரியும். குள்ளிக்கு அது கல்லூரி விண்ணப்பத்துக்குத் தேவை. "உனக்கு வேணும்டி, நீ விலகாதே" என்று நாங்கள் ஐந்து பேரும் கெஞ்சினோம். அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். சுருட்டை எல்லாருக்கும் கடைசியில், அழுதுகொண்டே போட்டாள். எனக்கும் வலிக்காமல் இல்லை. ஆறு வயதில் நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்த இடம். பதிவேட்டில் என் முதல் கையெழுத்தே தலைகீழாக இருக்கிறது.

டீச்சரிடம் சொன்னோம். "நான் எதையும் கேக்கல, எதையும் பாக்கல" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "மூணாவது சுத்துல தோளை இறக்குங்க" என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி


நடனப் பள்ளி அலுவலகம்
மார்ச் 17

முன்னாள் மாணவிக்கு,

பொருள்: விதி 17இன் கீழ் விண்ணப்பம்.

ஆறு விலகல்களும் ஏற்கப்பட்டன. ஆட்டம் அனுமதிக்கப்படுகிறது. 23ஆம் தேதி ஞாயிறு, கடைசி நிகழ்ச்சி, ஏழு நிமிடம்.

மறுப்பதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். அப்படித் தேடினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

செயலாளர்


வீட்டில்
மார்ச் 24

அன்புள்ள வாயாடிக்கு,

இது பள்ளித் தாள் இல்லை, பார்த்திருப்பாய். உன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று நான் முன்வரிசையில் உட்காரவில்லை, பக்கவாட்டில் நின்றேன். பட்டியலில் படிக்க ஒரு பெயரும் இல்லாமல் நடந்த முதல் பிரிவு விழா இது. கடைசியில் நீங்கள் வந்தீர்கள். கையைக் கோத்துக்கொண்டு சாய்ந்து சுற்றியபோது, நான் சுருட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தவறுவாள் என்றுதான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. அவள் எங்கும் தவறவில்லை. நெட்டைதான் ஒரு இடத்தில் தடுமாறினாள், அவளைப் பிடித்து நிறுத்தியதும் சுருட்டைதான். நாற்பத்தொன்பது வகுப்பு வந்தவள்.

அப்போது தெரிந்தது, நான் செய்தது தவறு என்று. விதி தவறு என்று சொல்லவில்லை. என் மகள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தே அன்று ஒலிபெருக்கியில் படித்தேனே, அது. முந்தின நாள் சொன்னால் அழுவாள், அழுதால் என் மனது இளகிவிடும் என்று பயந்தேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமைகளில் நான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும் நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனில் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும். கூட்டம் ஆறு மணிக்கே முடிந்துவிடும். ஏழரை வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவேன், அம்மாவும் மகளும் நிம்மதியாகப் பேசட்டும் என்று.

நாளை மறுநாள் புதன். அவள் பேசும்போது நீ பக்கத்தில் இருந்து, அப்பா தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிடு. உனக்குத்தான் வாய் இருக்கிறது.

பெரியப்பா


மார்ச் 25

அன்புள்ள பெரியப்பா,

கடிதத்தைப் படித்து அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் திமிராகத் தெரியும்.

நான் சொல்ல மாட்டேன். பெரியம்மாவையும் சொல்ல விட மாட்டேன், பேசி வைத்துவிட்டேன். ஊரறிய ஒலிபெருக்கியில் நீங்களே நிறுத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் என் வாய் வழியாக அனுப்பினால் எப்படி? அக்காவுக்கு அது இன்னொரு அறிவிப்பாகத்தான் கேட்கும். புதன்கிழமை பூங்காவில் உட்காருவதும் போதும், நீங்களே அவளுக்கு எழுதுங்கள். ஒன்பது வருஷம் அவள் வரவில்லை என்று நீங்கள் காத்திருந்தீர்கள், நீங்கள் கூப்பிடவில்லை என்று அவள் காத்திருந்தாள். இதை நான் அவளிடமும் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலே போடாமல்கூட இருப்பாள். அது அவள் இஷ்டம். அதற்காக எழுதாமல் இருக்கக் கூடாது.

கடுமையாகப் பேசுகிறேன் என்று வருத்தப்பட்டால் வருத்தப்படுங்கள். ஆறு பேருக்காகச் சான்றிதழை விட்டவள் நான். உங்களுக்காகப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்க என்னால் முடியாது.

பின்பக்கத்தில் அவள் முகவரி இருக்கிறது. மூன்றாவது மாடி, எண்ணைச் சரியாகப் பாருங்கள். இந்த மாதம் ஒரு விலகலுக்கு, ஒரு விதிக்கு, ஒரு பச்சைக் கையெழுத்துக்கு என்று எனக்கு எத்தனை கடிதம் எழுதினீர்கள். அதனால் எழுத வராது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்
வாயாடி