கதையை மட்டும் பேசச் சொன்னார்கள்

வியாழன், இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று எங்கள் பாடசாலை இலக்கிய விழா. என் உயர்தர வகுப்பு மாணவி கோகிலா, வகுப்பில் படித்த ஓர் அமெரிக்க நாவலைப் பற்றிப் பேசினாள். பஞ்சாலையில் காய்ச்சலோடு நின்று வேலை செய்யும் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது மண்டபமே கண் கலங்கியது. பிரதம விருந்தினராக வந்த, இங்குள்ள தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையும் தலையசைத்தார்.

பிறகு அவள், "எங்கம்மாவும் காய்ச்சலோடதான் கொழுந்து எடுக்கப் போறாங்க. லீவு கேட்டா நாளைக்கும் வராதன்னு சொல்றாங்க" என்றாள்.

பாடசாலை அதிபர் எழுந்து போய் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "கதைய மட்டும் பேசுங்க மகள்."

அமெரிக்காவில் நடந்தால் அழலாம், இங்கே மாத்தளையில் நடந்தால் வாயே திறக்கக் கூடாதா?

"அவ பேசி முடிக்கட்டும் சார்" என்று நான் மேடைக்கே போய்க் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. கோகிலா ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரை பேசினாள். துரை தேநீருக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

"பயமா இல்லையா?" என்று வாசலில் கேட்டேன்.

"இருக்கு டீச்சர். நாளைக்கு அம்மாவுக்கு வேலை இல்லன்னுட்டா..."

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு நானும் போகிறேன். அந்த அம்மாவின் பெயரை விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பேன்.